பழைய டிவியில் கையடக்க கேம் கருவி: எந்த வழி யாருக்குச் சரி?

மே மாத விடுமுறைக்கு அம்மா வீட்டுக்கு வந்த அக்கா மகன் தன் நின்டெண்டோ ஸ்விட்சையும், அதை டிவியோடு இணைக்கும் டாக்கையும் கூடவே கொண்டுவந்திருந்தான். அவன், அவன் தங்கை, எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். 6.2 அங்குலத் திரையை நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் ஒருவர் தலை இன்னொருவருக்கு மறைக்கும். “மாமா, இதை டிவியில் போட முடியுமா?” என்று கேட்டான். டிவி இருக்கிறது. ஆனால் அது 21 அங்குல டியூப் டிவி. பின்னால் எச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள் மட்டும்தான். அதிலும் டிடிஎச் பெட்டியின் ஒயர் குடியிருக்கிறது.

நன்றாக ஓடுகிற டிவியை ஒரு மாத விளையாட்டுக்காகத் தூக்கிப்போட எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வராது. அதனால் இருப்பதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று இரண்டு வாரம் முயன்று பார்த்தேன். அலமாரியில் என் பழைய பிஎஸ்பி-3000, சோனியின் கையடக்க கேம் கருவி, இருந்தது. தம்பி வீட்டில் ஒரு 32 அங்குல எச்டி ரெடி எல்சிடி இருந்தது. நண்பர் ஒருவர் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஓட்டும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கைக் கொடுத்து உதவினார். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு, நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த டியூப் டிவியில் எழுத்து கலங்காமல், நிறம் பிசகாமல் தெரிந்தது ஸ்விட்ச் அல்ல, அதைவிடப் பல மடங்கு சக்தி குறைந்த பிஎஸ்பி. கருவிக்கும் திரைக்கும் நடுவில் படம் எத்தனை முறை உருமாற வேண்டியிருக்கிறது என்பதுதான் இதில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கருவியின் வயதும் விலையும் அதற்கு அப்புறம்தான்.

கடைக்குப் போகும் முன்

டிவியைத் திருப்பிப் பின்பக்கத்தையும், இருந்தால் முன்பக்க மூடிக்குள்ளும் பாருங்கள். ஆன்டெனா துளை மட்டும் இருக்கிறதா, ஏவி இருக்கிறதா, ஏவியோடு பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு மூன்று துளைகள் இருக்கின்றனவா? அந்த மூன்றும் காம்பொனென்ட் இணைப்பு. அதிலுள்ள சிவப்பு படத்துக்கானது, ஏவியிலுள்ள சிவப்பு ஒலிக்கானது. இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டு டிவியைக் குறை சொல்பவர்கள் உண்டு.

அடுத்து கையிலிருக்கும் கருவி டிவிக்குப் படம் அனுப்புமா என்று பாருங்கள். கேம் பாய், டிஎஸ், 3டிஎஸ் எதுவும் அனுப்பாது. பிஎஸ் வீட்டா அனுப்பாது. பிஎஸ்பியில் முதலில் வந்த 1000 மாடலும் கடைசியாக வந்த இ1000 மாடலும் அனுப்பாது. 2019-இல் வந்த ஸ்விட்ச் லைட்டும் அப்படித்தான். டாக் வாங்கி வைத்தாலும் அதிலிருந்து படம் வெளியே வராது. லைட்டை வாங்கிவிட்டு டாக் தேடி அலைபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கும். வாங்கும் இடத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிஎஸ்பி: நேரே ஒரு கேபிள்

பிஎஸ்பி-3000-க்கு நடுவில் பெட்டி எதுவும் வேண்டாம். ஹெட்போன் துளையை ஒட்டியிருக்கும் இடத்தில் ஏவி கேபிளைச் செருகி, மறுமுனையை டிவியில் செருகினால் முடிந்தது. திரைக்குக் கீழே இருக்கும் திரைப் பொத்தானை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கருவியின் திரை அணைந்து படம் டிவிக்குப் போய்விடும்.

போனது. ஆனால் கறுப்பு வெள்ளையில். “இது என்னடா, நான் கல்யாணமாகி வந்த புதுசில் பார்த்த டிவி மாதிரி இருக்கு” என்றார் அம்மா. கேபிள் பழுது என்று நினைத்துப் பின்னை இரண்டு முறை துடைத்துச் செருகினேன். அப்போதும் அப்படியே. காரணம் வேறு. இந்தியாவில் அனலாக் டிவி ஒளிபரப்பு இருந்தது ‘பால்’ முறையில், நொடிக்கு 50 புலங்கள், அதாவது அரைப் படங்கள். பிஎஸ்பி அனுப்புவது அமெரிக்காவிலும் ஜப்பானிலும் புழங்கிய என்டிஎஸ்சி முறையில், நொடிக்கு 60. பால் முறையில் நிறத்தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸில் வரும், என்டிஎஸ்சியில் 3.58-இல் வரும். எங்கள் டிவியின் மெனுவில் கலர் சிஸ்டம் ‘பால்’ என்று நிரந்தரமாக வைக்கப்பட்டிருந்தது. நிறத்தைத் தேட வேண்டிய இடத்தில் தேடாததால், வெளிச்சத்தை மட்டும் எடுத்துக் காட்டியிருக்கிறது. ரிமோட்டை வாங்கி அக்கா மகன் அதை ‘ஆட்டோ’வுக்கு மாற்றினான். பிஎஸ்பியின் மெனுவுக்குப் பின்னால் ஓடும் அந்த அலை மெல்ல நீலமாக வந்து நின்றது. நான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

சமீபத்து டியூப் டிவிகள் பலவற்றில் இந்த ‘ஆட்டோ’ இருக்கும். மிகப் பழையதில் இல்லாமலும் போகலாம். அப்படியானால் பிஎஸ்பி கறுப்பு வெள்ளையிலேயே ஓடும், அல்லது படம் நிற்காமல் மேலே உருண்டுகொண்டே போகும்.

பிஎஸ்பியின் குறை ஒன்று உண்டு. அதன் விளையாட்டுகள் 480க்கு 272 புள்ளிகள். டிவிக்கு அனுப்பும் சட்டம் 720க்கு 480. விளையாட்டைப் பெரிதாக்காமல் அப்படியே நடுவில் வைத்து அனுப்புவதால் சுற்றிலும் கறுப்பு ஓரம் விழும். 21 அங்குல டிவியில் படம் ஏறக்குறைய 13 அங்குலம்தான். கருவியின் 4.3 அங்குலத்தோடு ஒப்பிட்டால் அது மூன்று மடங்கு. டிவியில் ஜூம் இருந்தால் இன்னும் கொஞ்சம் நிரப்பலாம். நான் நிரப்பவில்லை. ஓரத்தில் கறுப்பு இருந்தாலும் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது, அது போதும்.

பிஎஸ்பி-2000 வைத்திருப்பவர்கள் இங்கே நின்று படியுங்கள். அதுவும் டிவிக்குப் படம் அனுப்பும், ஆனால் சாதாரண ஏவி கேபிளில் மெனு, வீடியோ, போட்டோ மட்டும்தான் வரும், விளையாட்டு வராது. விளையாட்டுக்கு ஐந்து தலை உள்ள காம்பொனென்ட் கேபிள் வேண்டும், அதுவும் புரோகிரஸிவ் (எல்லாக் கோடும் ஒரே முறையில் வரும்) படத்தை ஏற்கிற டிவியாக இருக்க வேண்டும். டியூப் டிவிகளில் காம்பொனென்ட் துளை இருந்தாலும் பெரும்பாலானவை இன்டர்லேஸ் (ஒன்றுவிட்ட கோடுகளாக, இரண்டு தடவையில் வரும்) படத்தை மட்டுமே ஏற்கும். ஆக 2000-க்கு டியூப் டிவி சரிப்பட்டு வராது, காம்பொனென்ட் உள்ள முதல் தலைமுறை எல்சிடிதான் ஜோடி. பிஎஸ்பி கோவுக்குத் துளையே வேறு. இந்தக் கேபிள்கள் எதுவும் அதில் ஏறாது.

ஸ்விட்ச்: நடுவில் ஒரு கன்வெர்ட்டர்

ஸ்விட்ச் அனுப்புவது எச்டிஎம்ஐ. டியூப் டிவிக்கு வேண்டியது ஏவி. நடுவில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், சில நூறு ரூபாய்தான். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். கவனமாகப் பார்க்க வேண்டியது திசையை. எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்குப் போவது ஒரு பெட்டி, ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவது இன்னொரு பெட்டி. பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும், ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது. என் கையில் முதலில் கிடைத்தது தப்பான பெட்டி. திருப்பிக் கொடுக்க மறுபடி ஒரு நாள் போய்வந்தேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதில் எச்டிஎம்ஐ முதலில் வருகிறதா என்று நீங்களே படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். தனி சார்ஜர் தேவையில்லை, டாக்கின் பக்கவாட்டில் இருக்கும் யுஎஸ்பி துளையிலிருந்தே கொடுக்கலாம். ஒயர் கொடுக்காமலே சில நேரம் படம் வரும், ஆனால் விட்டு விட்டு வரும். டாக்குக்கோ அதனுடன் வந்த 15 வோல்ட் அடாப்டர்தான் வேண்டும். போன் சார்ஜரைப் போட்டால் பேட்டரி ஏறலாம், டிவியில் படம் வராது. வெளிநாட்டுப் பின் என்றால் பயப்பட வேண்டாம். அடாப்டரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பின்னை மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று போதும். வேற்று நிறுவன டாக்கை மட்டும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். 2018-இல் ஸ்விட்சின் 5.0 அப்டேட் வந்த சமயத்தில் அப்படிப்பட்ட டாக்குகளில் வைத்த கருவிகள் செத்துப்போனதாகப் புகார்கள் குவிந்தன. டிவி பழையதாக இருக்கலாம், ஸ்விட்ச் அப்படியில்லை.

இந்தக் கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கும். ஒரு பக்கம் பால், மறுபக்கம் என்டிஎஸ்சி. நம் ஊர் டிவிக்குப் பால்தானே என்று எல்லாரும் அந்தப் பக்கம் தள்ளுவார்கள். நிறமும் உடனே சரியாக வந்துவிடும். ஆனால் விளையாடிப் பாருங்கள். கார் பந்தயத்தில் சாலை வழுக்கிக்கொண்டு வராமல், ஒவ்வொரு கணமும் லேசாகத் தட்டித் தட்டி வரும். ஸ்விட்ச் நொடிக்கு 60 படம் அனுப்புகிறது, பால் முறையில் 50தான் போகும். ஆறு படத்துக்கு ஒன்றைக் கன்வெர்ட்டர் கீழே போட்டுவிடுகிறது. பேனா முனையால் பொத்தானை என்டிஎஸ்சி பக்கம் தள்ளினேன். டிவி ஏற்கெனவே ‘ஆட்டோ’வில் இருந்ததால் நிறமும் போகவில்லை, சாலையும் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நான் பார்த்த கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் நான் கண்டுபிடித்ததில் மிக உபயோகமானது இதுதான்.

அப்புறம் ஓரம். டியூப் டிவிகள் படத்தின் நான்கு விளிம்பையும் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். மரியோ கார்ட் 8 டீலக்ஸில் மூலையில் வரும் எண்கள் பாதி மறைந்தன. ஸ்விட்சின் செட்டிங்ஸில் டிவி பகுதிக்குப் போனால் திரையின் அளவைச் சுருக்க ஒரு வசதி இருக்கிறது. அம்புக்குறிகள் விளிம்பைத் தொடும் வரை சுருக்கிக்கொள்ளலாம். அதே இடத்தில் தெளிவுத்திறனை 480பி ஆக்கலாம். 1080பி அனுப்பிக் கன்வெர்ட்டரைச் சுருக்கவிடுவதைவிட, ஸ்விட்சே சுருக்கி அனுப்பியபோது என் கண்ணுக்குப் படம் சற்று நிதானமாக இருந்தது. ஒலியையும் அங்கேயே பாருங்கள். ஒரே ஸ்பீக்கர் உள்ள டிவியில் வெள்ளைப் பின்னை மட்டும் செருகினால் வலது பக்க ஒலி காணாமல் போகும். டிவி ஒலியை மோனோவாக மாற்றினால் இரண்டும் சேர்ந்து வரும்.

சரிசெய்ய முடியாதது இரண்டு. முதலாவது, 16:9 படத்தைக் கன்வெர்ட்டர் 4:3 திரைக்குள் நெருக்கும்போது எல்லாரும் ஒல்லியாக, உயரமாகத் தெரிவார்கள். சில கடைசிக்கால டியூப் டிவிகளின் மெனுவில் 16:9 என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் மேலும் கீழும் கறுப்பு விழுந்து வடிவம் சரியாகும். எங்கள் டிவியில் அது இல்லை. பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டது, எனக்குக் கடைசிவரை உறுத்தியது. இரண்டாவது எழுத்து. பெரிய டிவிக்காக அச்சிட்ட பொடி எழுத்துகள் இங்கே கரைந்துபோகும், மெல்லிய கிடைக்கோடுகள் துடிக்கும். பந்தயம், சண்டை, தாவிக் குதித்து ஓடும் விளையாட்டு என்றால் இது ஒரு பொருட்டே அல்ல. அக்கா மகள் விளையாடும் விவசாய விளையாட்டில் விதையின் பெயரையும் விலையையும் படித்தாக வேண்டும். அவளால் படிக்க முடியவில்லை. இரண்டாம் நாளே கையில் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள்.

டெக்கும் சிறு எமுலேட்டர் கருவிகளும்

ஸ்டீம் டெக்கின் யுஎஸ்பி-சி துளையில் எச்டிஎம்ஐ உள்ள ஒரு ஹப்பைச் செருகினால் அதே கன்வெர்ட்டர் போதும். ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் போன்ற, பழைய கேம் கருவிகளின் விளையாட்டுகளை எமுலேட்டர் மென்பொருளால் ஓட்டும் சிறு கருவிகளில் மினி எச்டிஎம்ஐ இருக்கும்; அதற்கேற்ற கேபிள் மட்டும் தனி. படத்தின் குறைகள் ஸ்விட்சுக்குச் சொன்னவைதான். ஆனால் இவற்றில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. ஒல்லி உருவச் சிக்கலைத் தீர்க்கலாம்.

பழைய 4:3 விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்கில் மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஸ்கேலிங் முறையை ‘ஸ்ட்ரெச்’ என்று வைத்தால், படம் பக்கவாட்டில் இழுபட்டு 16:9 முழுவதும் நிரம்பும். நல்ல டிவியில் அது குண்டாக, அசிங்கமாகத் தெரியும். கன்வெர்ட்டரோ அதைத் திரும்ப 4:3-க்கு நெருக்குகிறது. இழுத்ததும் நெருக்கியதும் ஒன்றையொன்று ஈடுகட்டி, டியூப் டிவியில் எல்லாம் சரியான உருவத்தில், திரை முழுக்க வந்து நிற்கிறது. எமுலேட்டர்களிலும் படவிகிதத்தை முழுத்திரைக்கு மாற்றி இதையே செய்யலாம். 90-களின் விளையாட்டுகள் இந்தத் திரையை மனதில் வைத்து வரையப்பட்டவை. அந்த நிறங்கள் டியூபில் கலந்து தெரிவதைப் பார்த்தபோது, புது டிவி வாங்காதது நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

பழைய எல்சிடி

தம்பி வீட்டு எச்டி ரெடி டிவியில் எச்டிஎம்ஐ இருப்பதால் ஸ்விட்சுக்குக் கன்வெர்ட்டரே தேவைப்படவில்லை. எழுத்து தெளிவு, வடிவம் சரி, அக்கா மகளுக்கு மகா சந்தோஷம். திரை 1366க்கு 768 என்பதால் 720பி-யும் 1080பி-யும் வைத்துப் பார்த்து, கண்ணுக்கு நல்லதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அக்கா மகன் குதிக்கும் இடத்திலெல்லாம் குழியில் விழுந்தான். இந்தத் தலைமுறை எல்சிடிகள் படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அதற்குள் தாமதம். டிவி மெனுவில் கேம் மோடைப் போட்டதும் பெருமளவு குறைந்தது. டியூப் டிவியில் டிவியின் தாமதம் ஏறக்குறைய இல்லை, கன்வெர்ட்டரின் சிறு தாமதம் மட்டும். கேம் மோடு இல்லாத பழைய எல்சிடியைவிட, கன்வெர்ட்டர் போட்ட டியூப் டிவியே என் விரல்களுக்கு உடனுக்குடன் பதில் சொன்னது.

பிஎஸ்பி-3000-ஐ ஏவியில் எல்சிடியோடு இணைத்தால் எண்ணெய்த் தாள் வழியாகப் பார்ப்பது போல மங்கல். அங்கே காம்பொனென்ட் கேபிள்தான் வாங்க வேண்டும்.

வீட்டில் விஜிஏ துளையுள்ள பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் சும்மா கிடந்தால் அதையும் மறக்காதீர்கள். எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர், ஒலி எடுக்க 3.5 மிமீ துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எழுத்து மிகுந்த விளையாட்டுக்கு அது டியூப் டிவியைவிட எத்தனையோ மேல்.

ஆன்டெனா துளை மட்டும் உள்ள டிவிக்கு, ஏவிக்குப் பிறகு, அதை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் என்று இன்னொரு பெட்டி சேர வேண்டும். பழைய விசிஆர் ஓடும் நிலையில் இருந்தால் அதுவே அந்த வேலையைச் செய்யும். இருந்தாலும் ஸ்விட்சுக்காக இதைச் செய்யாதீர்கள், படம் அவ்வளவு கெட்டுவிடும். வயர்லெஸ் வழியும் வேண்டாம். சினிமா பார்க்கலாம், பொத்தான் அழுத்தி விளையாட முடியாது.

என் முடிவு இப்படி. பிஎஸ்பி-3000 இருந்தால், டியூப் டிவி இருந்தால், யோசிக்காமல் ஏவி கேபிள் வாங்குங்கள். ஸ்விட்ச் என்றால் முதலில் எச்டிஎம்ஐ உள்ள பழைய எல்சிடியை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், பிள்ளைகள் விளையாடுவது பந்தயமும் ஓட்டமும்தான் என்றால், கன்வெர்ட்டர் வாங்குங்கள். கதையும் எழுத்தும் நிறைந்த விளையாட்டுக்காக அந்தக் காசைக்கூடச் செலவழிக்க வேண்டாம், கையில் வைத்தே விளையாடட்டும். எமுலேட்டர் கருவி வைத்திருப்பவர்களிடம் மட்டும் டியூப் டிவியைத் தேடிப்போய்க்கூட வாங்குங்கள் என்பேன்.

எங்கள் வீட்டில் கடைசியாக ஒரு பொருள் சேர்ந்தது. டிடிஎச் ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்ததில் டிவியின் மஞ்சள் துளை தளர ஆரம்பித்திருந்தது. மூன்று பொத்தான் உள்ள ஏவி செலக்டர் பெட்டி ஒன்றை வாங்கி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். ஒன்று டிடிஎச், இரண்டு ஸ்விட்ச், மூன்று பிஎஸ்பி. சாயங்காலம் தொடர் ஆரம்பிக்கும் நேரத்தில் அம்மா வந்து முதல் பொத்தானை அழுத்துவார். பிள்ளைகள் பந்தயத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து முடியும்வரை காத்திருப்பார்கள்.